புளூம்ஸ்பரி வீடுகள் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். படிப்புக்காக லண்டன் வந்து புளூம்ஸ்பரியில் தங்கியிருக்கிறீர்கள். பெட்ஃபோர்ட் ஸ்கொயர், கவர் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது; இது அரசாங்கம் போட்ட திட்டமா, ஒரே ஆள் கட்டியதா? மாடி ஏற ஏற ஜன்னல் ஏன் சிறுத்துக்கொண்டே போகிறது? செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள் எல்லாம் ஜன்னல் வரிக்கு, அதாவது வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணிப் போட்ட வரிக்கு, பயந்து அடைத்தவைதானா? மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன்: இந்த முகப்பை முடிவு செய்தது யார்?

நான் சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு இங்கே பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்தவன். பதினெட்டு வருஷமாக இந்த வகை வீடுகளின் சுவரையும் கூரையையும் தரையையும் பிரித்துப் பார்த்துத் திரும்ப மூடுவதுதான் என் தொழில். பெரும்பாலும் லண்டன், கொஞ்சம் பாத் நகரம். லிவர்பூல், நியூகாசில் வீடுகளை வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆகவே நான் சொல்வதை இங்கிலாந்து முழுமைக்கும் அப்படியே நீட்டிக்கொள்ள வேண்டாம். ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு மன்னர்கள் தொடர்ந்து ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலத்தைத்தான் ஜார்ஜியக் காலம் என்கிறார்கள். நீங்கள் பார்க்கும் தெருக்கள் அதன் பிற்பகுதி, ஏறக்குறைய 1770க்குப் பிந்தியவை.

முதலில் நிலம். என் கணக்கில் இந்த ஒற்றுமைக்கு முதல் காரணம் நிலம்தான். சட்டமும் ரசனையும் அதற்குப் பிறகு வருபவை. லண்டனின் மேற்குப் பகுதியில் பெரிய பெரிய வயல்வெளிகள் சில பிரபுக் குடும்பங்களின் கையில் இருந்தன. புளூம்ஸ்பரி பெட்ஃபோர்ட் பிரபுவுடையது, மேஃபேரில் பெரும்பகுதி குரோவ்னர் குடும்பத்துடையது. அவர்கள் நிலத்தை விற்கவில்லை. தெருவையும் சதுக்கத்தையும் வரைந்து, மனைகளாகப் பிரித்து, கட்டுபவர்களுக்கு நீண்ட குத்தகைக்கு விட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 99 ஆண்டுக் குத்தகை சாதாரணமாகிவிட்டது. நம் ஊரில் கோயில் நிலத்துக்கு அடிமனை வாடகை கட்டுவார்களே, அதே ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், குத்தகை முடிந்ததும் மேலே கட்டிய வீடும் பிரபுவுக்கே போய்விடும். வீடு எழும்பும்வரை, முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு, வாடகை வெறும் ஒரு மிளகு. பேச்சுக்குச் சொல்லவில்லை, பத்திரத்திலேயே மிளகு என்றுதான் எழுதியிருக்கும்.

தொண்ணூற்றொன்பது வருஷம் கழித்துத் தன் பேரன் கைக்கு வரப்போகும் வீடு என்றால், இன்று அது எப்படிக் கட்டப்படுகிறது என்று பிரபுவுக்கு அக்கறை இருக்கும் அல்லவா? அந்த அக்கறைதான் குத்தகைப் பத்திரத்தில் நிபந்தனைகளாக இறங்கியது. முகப்பு இந்த உயரம், மாடி மட்டம் பக்கத்து வீட்டோடு ஒத்துப்போக வேண்டும், இன்ன செங்கல், கடை வைக்கக் கூடாது, நாற்றமடிக்கும் தொழில் கூடாது. தெருவுக்கு முகம் கொடுக்கும் நிலம் விலை அதிகம் என்பதால் மனைகள் எல்லாம் குறுகி நீண்டவை. அகலம் பெரும்பாலும் 18 முதல் 25 அடிக்குள். அப்படிப்பட்ட மனையில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர் வைத்துக் கட்டினால் உள்ளமைப்பு தானாகவே ஒரே வழிக்கு வந்துவிடும். ஒரு ஓரமாக நடையும் மாடிப்படியும், மறுபக்கம் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. மாடிக்கு மாடி அதே அமைப்புதான். நீங்கள் தங்கியிருக்கும் வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

கட்டியது யார் என்றால், அரசாங்கமும் இல்லை, ஒரே ஆளும் இல்லை. ஒரு தச்சர் நான்கு மனை எடுப்பார், ஒரு கொத்தனார் மூன்று எடுப்பார், பக்கத்தில் ஒரு பிளம்பர் ஒன்று எடுப்பார். கையில் காசு குறைவு. அதனால் உழைப்பை மாற்றிக்கொள்வார்கள்: உன் வீட்டுக்கு நான் மரவேலை செய்கிறேன், என் வீட்டுக்கு நீ சுவர் எழுப்பு. சுவரும் கூரையும் எழுப்பி வெறும் கூடாகவே விற்றுவிடுவதும் உண்டு. உள்ளே பூச்சும் கணப்பும் கதவும் வாங்குபவர் விருப்பம். இந்தப் பிழைப்பில் ஆபத்து அதிகம். ராபர்ட் ஆடம் முதலிய கட்டடக்கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் 1768ல் தேம்ஸ் கரையில் தொடங்கிய அடெல்ஃபி திட்டம் அவர்களையே விழுங்கப் பார்த்தது. 1774ல் லாட்டரி நடத்தித்தான் தப்பினார்கள். பாத் நகரில் 1793 பணநெருக்கடியில் வங்கிகள் சரிந்தபோது தெருத்தெருவாக வேலை நின்றது. கிரேட் புல்ட்னி ஸ்ட்ரீட்டில் இன்றைக்கும் நடந்து பார்க்கலாம். பக்கத்தில் கிளைத்துப் போகவேண்டிய தெருக்கள் கிளைத்த இடத்திலேயே முடிந்து கிடக்கின்றன.

ஆகவே உங்கள் பெட்ஃபோர்ட் ஸ்கொயர் ஒரு விதிவிலக்கு என்றே சொல்ல வேண்டும். 1775க்கும் 1783க்கும் இடையில் எழும்பிய அந்தச் சதுக்கத்தில் நான்கு பக்கமும் ஒவ்வொரு வரிசையையும் ஒரே மாளிகைபோல் காட்டும் திட்டம் இருந்தது. நடுவில் சுண்ணாம்பு நிறத்தில் பூசிய, மேலே முக்கோண முகடு வைத்த பகுதி. இரண்டு கையிலும் செங்கல் வீடுகள். அந்த வடிவத்தை வரைந்தது யார் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமிக்கவில்லை. தாமஸ் லெவர்டன் என்ற கட்டடக்கலைஞரின் பெயரை அடிக்கடி கேட்பீர்கள். அவர் அங்கே வசித்தார் என்பதும், முதலாம் எண் வீட்டின் உள்வேலையில் அவர் கை தெரிகிறது என்பதும் வேறு. சதுக்கம் முழுவதையும் அவரே வரைந்தார் என்பது வேறு. இரண்டாவதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். வடக்கு வரிசைக்கு முன்னால் நின்று நடுப்பகுதியைப் பாருங்கள். இரண்டு வீடுகளைச் சேர்த்து ஒரு முகடு வைத்ததால் சுவர்த்தூண்கள் ஐந்தாகி, சரியாக நடுவில் ஒரு தூண் வந்து நிற்கிறது. முறையாகப் படித்தவர்கள் நடுவில் இடைவெளிதான் விடுவார்கள். இந்தச் சறுக்கலைப் பார்த்தால் இது கட்டுநர்களின் கணக்கிலிருந்து வந்த வடிவம் என்றே எனக்குப் படுகிறது. இது என் ஊகம் மட்டுமே.

லெவர்டனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நமக்குத் தொடர்புள்ளது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் அவர் கட்டிய வுட்ஹால் பார்க் மாளிகை, மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்டுக்காகக் கட்டியது. பின்னால் அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. ஆர்க்காடு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர் என்று அன்றைய நாடாளுமன்றத்திலேயே பெயர் நாறியவர். போர்ட்மன் ஸ்கொயரில் ராபர்ட் ஆடம் அலங்கரித்த ஹோம் ஹவுஸின் பின்னாலும் ஜமைக்கா கரும்புத் தோட்டப் பணம் இருக்கிறது, அதாவது அடிமைகளின் உழைப்பு. இந்த வீடுகளை நான் மனதார நேசிக்கிறேன். அந்த நேசத்தோடு சேர்த்தே இதையும் நினைவில் வைத்திருக்க விரும்புகிறேன்.

இனி சட்டம். 1666 பெருந்தீ லண்டனின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கட்டடச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் தீதான் காரணம். 1707 சட்டம் கூரை விளிம்பில் துருத்தும் மரவேலையைத் தடை செய்து, சுவரையே மேலே தூக்கிக் கைப்பிடிச் சுவராக முடிக்கச் சொன்னது. 1709ல் ஜன்னலின் மரச்சட்டகத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார்கள். அடுத்தது 1774 சட்டம். ராபர்ட் டெய்லர், இளைய ஜார்ஜ் டான்ஸ் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் சேர்ந்து வகுத்தது. ஜன்னல் சட்டகத்தின் மரப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் முழுக்க மறைக்க வேண்டும் என்றது அது. வீடுகளைத் தரம் பிரித்தது: கீழ்த்தளப் பரப்பு 900 சதுர அடிக்கு மேல், மதிப்பு 850 பவுண்டுக்கு மேல் என்றால் முதல் தரம், 350 சதுர அடிக்குக் கீழ், 150 பவுண்டுக்குள் என்றால் நான்காம் தரம், இடையில் இரண்டு. தரத்துக்குத் தக்கபடி அஸ்திவாரமும் சுவர்க் கனமும் பொதுச்சுவரும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது.

இதில் பலர் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒரு படத்தையும் போட்டுக் கொடுக்கவில்லை. அது கேட்டது சுவர்க் கனம், தீத்தடுப்பு. ஆனால் ஒரு தரத்துக்குள் அடங்கினால் செலவு இவ்வளவு, வாடகை இவ்வளவு என்று கணக்குப் போடும் கட்டுநர் அந்தத் தரத்தின் விளிம்புவரை போய் நிற்பார், தாண்டமாட்டார். அப்படித்தான் வீடுகள் ஒன்றுபோல் ஆயின. அலங்காரத்தை மரத்தில் செய்யவும் வழியில்லாமல் போனதால், 1780களுக்குப் பிந்திய கவர் ஸ்ட்ரீட் போன்ற தெருக்கள் மழித்த முகம்போல் வெறுமையாக நிற்கின்றன. விக்டோரியா காலத்தவர்கள் அந்த வெறுமையை அசிங்கம் என்றார்கள். எனக்கு அது நிம்மதி தரும் தெரு. இந்தச் சட்டம் லண்டனுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டுமே. மற்ற ஊர்கள் ஜன்னல் சட்டகத்தை மறைக்கும் வழக்கத்தைப் பின்பற்றியது பெரும்பாலும் நாகரிகம் என்பதால்தான்.

முகப்பு வேறு, வீடு வேறு என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாத் நகரத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். ராயல் கிரெசன்ட், 1767 முதல் 1774 வரை இளைய ஜான் வுட் கட்டியது. பிறை வடிவத்தில் 30 வீடுகள், முன்னால் 114 தூண்கள், தேன் நிறக் கல்லில் ஒரே மூச்சில் வரைந்த கோடுபோல். வுட் வகுத்தது அந்த முகப்பை. வாங்கியவர்கள் முகப்பில் தங்கள் நீளத்தை எடுத்துக்கொண்டு பின்னால் அவரவர் கட்டடக்காரரை வைத்து அவரவர் விருப்பப்படி வீடு கட்டிக்கொண்டார்கள். பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டின் கூரை உயரம் அடுத்த வீட்டுக்கு ஒத்துப்போகாது. ஒன்று பிதுங்கும், ஒன்று உள்வாங்கும், ஜன்னல்கள் தோன்றிய இடத்தில் இருக்கும். முதல்முறை பார்த்தபோது ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். முன்பக்கத்தில் யாருக்கும் கொடுக்காத சுதந்திரத்தைப் பின்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

ஜன்னல் சிறுத்துக்கொண்டே போவதற்கு வருவோம். வீட்டின் வாழ்க்கையே அடுக்கடுக்காகத்தான் இருந்தது. தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும் அடித்தளத்தில் அடுப்பங்கரையும் பாத்திரம் கழுவும் இடமும். தரைமட்டத்தில் சாப்பாட்டறை. முதல் மாடியில் விருந்தினர் கூடும் வரவேற்பறை. வீட்டின் பெருமையெல்லாம் அங்கேதான், கூரை உயரம் அங்கே அதிகம், ஜன்னலும் அங்கே நெடியது. இரண்டாம் மாடியில் படுக்கையறைகள். உச்சியில் குழந்தைகளும் வேலைக்காரர்களும். ஜன்னல் உயரத்தைப் பார்த்தாலே உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரியும். நூற்றாண்டின் முடிவை ஒட்டி முதல் மாடி ஜன்னல்களைத் தரைவரை இறக்கி, வெளியே வார்ப்பிரும்பு பால்கனி வைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. இதற்கு இத்தாலியக் கட்டடக்காரர் பல்லாடியோ வழியாக வந்த இலக்கணமும் உண்டு: முதல் மாடி ஜன்னல் இரட்டைச் சதுரம், உச்சி ஜன்னல் ஒற்றைச் சதுரம் என்பதுபோல எளிய விகிதங்கள். ஆனால் இந்த வீடுகள் முழுக்கப் பொன் விகிதத்தில் அமைந்தவை என்று இணையத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறார்களே, அதை நம்பாதீர்கள். நான் அளந்த வீடுகளில் செங்கல் வரிசைக் கணக்குதான் ஜன்னல் உயரத்தைத் தீர்மானித்திருக்கிறது. கோட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் எந்த விகிதமும் எந்தச் சுவரிலும் பொருந்தும்.

அந்த அடித்தளத்தைப் பற்றி ஒரு சொல். அது குழி தோண்டி உள்ளே புதைத்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. கொஞ்சம் தோண்டினார்கள், தோண்டிய மண்ணை முன்னால் கொட்டித் தெருவை உயர்த்தினார்கள். அதனால்தான் முன்பக்கம் பாதாளம்போல் இருக்கும் தளம், பின்பக்கத் தோட்டத்துக்குப் போனால் கிட்டத்தட்ட தரைமட்டமாக இருக்கிறது. நடைபாதைக்கு அடியில் கரி போட்டு வைக்கும் வளைவறைகள் உண்டு. நடைபாதைக் கல்லில் தட்டு அளவுக்கு வட்டமான இரும்பு மூடிகளைப் பார்த்திருப்பீர்கள், கரி கொட்டிய வாய் அதுதான். கரி மூட்டையோடு ஆள் வீட்டுக்குள் கால் வைக்கவே தேவையில்லை.

இப்போது செங்கல். இதைச் சொல்லும்போது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேலையில் பாதி இதுதான். பளிச்சென்று தெரியும் முன்முகத்துக்கு விலை கூடிய நல்ல செங்கல், சாம்பல் கலந்த மஞ்சள் நிறம், மெல்லிய சாந்து. உட்பக்கத்துக்குச் சரியாக வேகாத மலிவுச் செங்கல், தடித்த சாந்து. சாந்துக் கனம் வேறுபடுவதால் முன் வரிசையும் பின் வரிசையும் ஒரே மட்டத்தில் வராது. வெளியே பார்த்தால் ஃப்ளெமிஷ் கட்டு, அதாவது ஒரே வரிசையில் நீளவாட்டில் ஒரு கல், தலை தெரிய ஒரு கல் என்று மாறி மாறி. தலை தெரியும் கல்தான் சுவரின் உள்ளே போய் இரண்டு அடுக்கையும் பிணைக்க வேண்டியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் இரண்டாம் மாடிச் சுவர் தெருப்பக்கம் வயிறு தள்ளியிருந்தது. சாரத்தின் மேல் நின்று ஒரு தலைக்கல்லைச் சுற்றிச் சாந்தைச் சுரண்டிவிட்டு இழுத்தேன். முழுக்கல் வரும் என்று நினைத்தவன் கையில் அரைக்கல் வந்து விழுந்தது. அடுத்ததும் அரைக்கல். அதற்கடுத்ததும். விலை கூடிய கல்லை இரண்டாக உடைத்து இரண்டு தலையாகக் காட்டியிருக்கிறார் அந்தக் கொத்தனார். ஏழெட்டு வரிசைக்கு ஒருமுறை, மட்டம் தற்செயலாக ஒத்துவந்த இடத்தில் மட்டும், ஒரு முழுக்கல். இன்னும் உள்ளே கையை விட்டால், சுவரைக் கட்டிப்பிடிக்க வைத்திருந்த மரச்சட்டம் மூக்குப்பொடிபோல் உதிர்ந்தது. இருநூறு வருஷம் அந்தச் சுவர் நின்றது சுண்ணாம்பின் தயவால்.

அதனால்தான் சிமெண்டைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும், சுவர் அசைந்தால் கூடவே கொஞ்சம் அசைந்து கொடுக்கும். செங்கல் இணைப்புகளைச் சிமெண்டால் நிரப்பிப் பூசும் பாயிண்டிங் செய்துவிட்டால் ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வர ஆரம்பிக்கும். பனிக்காலத்தில் அது உறைந்து கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். நான் பார்த்த ஒரு வரிசையில் ஒரு ஒப்பந்தக்காரர் இரண்டே வாரத்தில் செய்த பாயிண்டிங், பத்துக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான கற்களைத் தின்றிருந்தது. அந்தக் கற்கள் திரும்பக் கிடைக்காது.

மட்டமான வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதே வீட்டுக்குள் மாடிப்படியைப் பாருங்கள். போர்ட்லண்டு கல்லில் வெட்டிய படிகள், ஒரு முனை சுவருக்குள், மறுமுனை அந்தரத்தில். கீழே தாங்கு ஒன்றும் இல்லை. சுவருக்குள் போயிருப்பது ஒரு சாண்கூட இருக்காது. அந்தப் பிடி மட்டும் இவ்வளவு பாரத்தை எப்படித் தாங்கும் என்று நானும் முதலில் திகைத்தேன். சூட்சுமம் வேறு. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழ்ப்படியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. சுவரின் வேலை படியைத் தாங்குவதைவிட, அது புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வதுதான். பாரம் படிப்படியாக இறங்கி அடியில் இருக்கும் கல்லுக்கும் தரைக்கும் போய்விடுகிறது. அதனால்தான் நடுவில் ஒரு படியை உடைத்து எடுப்பது ஆபத்து. மேலே இருக்கும் அத்தனையும் அதை நம்பித்தான் நிற்கின்றன. அடுத்தமுறை ஏறும்போது படிகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று கவ்வியிருக்கும் அந்தச் சிறிய வெட்டு தெரியும். இதைச் செதுக்கிய கல்தச்சர் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பது என்னை எப்போதும் வருத்தும்.

வாசலைச் சுற்றி இருக்கும் முரட்டுக் கல்லும், வளைவின் நடுக்கல்லில் தாடி வைத்த முகமும் கல்லே அல்ல. எலினர் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லாம்பெத்தில் நடத்திய பட்டறையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டெடுத்த செயற்கைக் கல். பெட்ஃபோர்ட் ஸ்கொயரில் கதவுக்குக் கதவு அதைக் காணலாம். இருநூற்றைம்பது ஆண்டு மழைக்குப் பிறகும் தாடி மயிர் கூர்மையாகத் தெரிகிறது. அதே வயதுள்ள இயற்கைக் கற்கள் பல முகம் தேய்ந்துவிட்டன. 1796ல் பார்க்கர் என்பவர் ரோமன் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு செங்கல்லின் மேல் பூசிக் கோடு கீறிக் கல்போல் காட்டுவது பரவியது. அதன் உச்சம் ரீஜன்ட்ஸ் பார்க்கைச் சுற்றி ஜான் நாஷ் எழுப்பிய வரிசைகள். இன்று அவற்றைப் பளீர் வெள்ளையாகப் பார்க்கிறோம்; அன்று பாத் கல்லின் நிறத்தைப் போலச் செய்வதுதான் நோக்கம். அதேபோல் கறுப்புக் கம்பி வேலியும் பளீர் வெள்ளை ஜன்னலும் ஜார்ஜியக் காலத்து விதி அல்ல. பழைய பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தால் கம்பிகளில் பச்சையும் ஈயச் சாம்பலும் கிடைக்கின்றன.

கடைசியாக, அடைத்த ஜன்னல். ஜன்னல் வரி உண்மை: 1696ல் வந்து 1851 வரை இருந்தது, 1784லும் 1797லும் கடுமையாக ஏறியது. வரிக்காக அடைத்தவர்கள் இருந்தார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. கண்ணாடிக்கும் 1845 வரை எடைக்கணக்கில் தனி வரி இருந்தது. 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கும் இருந்தது. ஆனால் நீங்கள் பார்க்கும் அடைத்த ஜன்னல்களில் கணிசமானவை ஒருநாளும் திறந்திருந்ததே இல்லை. பின்னால் புகைபோக்கி போகும், அல்லது குறுக்குச்சுவர் வந்து முட்டும். ஆனால் வெளியே வரிசை கெடக் கூடாது. அதனால் கட்டும்போதே பொய் ஜன்னலாகக் கட்டினார்கள். தெருமுனை வீடுகளின் பக்கச்சுவரில் இது அதிகம். தெருவில் நின்றே ஓரளவு பிரித்துச் சொல்லலாம். அடைப்பின் செங்கல் சுற்றுச்சுவரின் அதே நிறம், அதே சாந்து, வரிசையும் பக்கத்துச் சுவரோடு பின்னிப் போகிறதா? அப்படியென்றால் அது பிறவியிலேயே பொய் ஜன்னல். நேர்க்கோடாக ஒரு இணைப்பு தெரிகிறது, கல்லின் நிறம் மாறுகிறது, கீழே ஜன்னல் கல் காலும் கையும் பட்டுத் தேய்ந்திருக்கிறது என்றால் பிறகு அடைத்தது. எதற்காக, எந்த ஆண்டு என்பது சுவரில் எழுதியிருக்காது. வரிக்காக என்று சொல்ல வேண்டுமானால் அந்த வீட்டின் வரிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும்.

உங்கள் அறை ஜன்னலையும் ஒருமுறை கவனியுங்கள். பழைய கண்ணாடி ஊதிச் சுழற்றி வட்டத் தட்டாக்கி அதிலிருந்து வெட்டியது. எதிர்வீட்டுப் பிம்பம் அதில் நீருக்கடியில் இருப்பதுபோல் லேசாக அலையும். கண்ணாடிகளைப் பிடிக்கும் மரக்கம்பி சுண்டுவிரலைவிட மெலிந்திருந்தால் 1790க்குப் பிந்திய நல்ல தச்சுவேலையாக இருக்க வாய்ப்புண்டு. மேல் சட்டத்தின் இரண்டு மூலையிலும் சிறு கொம்புபோல் கீழே நீண்டிருந்தால் அந்த ஜன்னல் விக்டோரியா காலத்திலோ அதற்குப் பிறகோ மாற்றியது. கவர் ஸ்ட்ரீட்டில் நீங்கள் பார்த்த அடைத்த ஜன்னலை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், வளைவும் ஜன்னல் கல்லும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.